சனியும் டாக்டர் பரீட்சையும்

(காரைக்காலில், வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு லைசென்சுப் பரீட்சைக்குத் தயார் செய்துவரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வேண்டியதாய்க் குறிப்பிடப்பட்டிருக்கும் விஷயம் டாக்டர் பரீட்சை என்பதாகும். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்திராத நமக்கும் டாக்டர் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நினைப்பது நியாயமேயாகும். ஒரு பிள்ளைக்கு எலும்பின் பெயரையோ, மருந்தின் அளவையோ சொல்லிக் கொடுக்கத் தக்க யோக்கியதை நமக்குக் கிடையாது. ஆனால் பரீட்சையில் தவறிப்போன ஒரு பிள்ளையின் வீட்டில், டாக்டர் புத்தகம் பரணுக்குப் போய், பஞ்சாங்கம் கூடத்துக்கு வந்து உட்காரும்போது அது நம்முடைய விஷயமாகிவிடுகிறது. அதிலும் இந்தக் காரைக்காலில் சொல்ல வேண்டியதே இல்லை. நடந்தே போகக்கூடிய தூரத்தில் திருநள்ளாறு இருக்கிறது. அந்தக் கோவில் பேருக்குத் தர்ப்பாரண்யேசுவரருடையது. கூட்டமும் வரும்படியும் சனிக்கு. வீட்டுக்காரனை யாரும் சீந்துவதில்லை, திண்ணையில் இருப்பவனுக்குத்தான் மரியாதை!

முதலில் பரீட்சை என்னவென்பதைச் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் பிள்ளையை அனுப்பின தகப்பன்மார்களிலேயே பலருக்கு இது தெரிவதில்லை. ருஷ்யாவிலோ, பிலிப்பைன்சிலோ, சீனாவிலோ, ஜார்ஜியாவிலோ படித்துப் பட்டம் வாங்கி வந்தவர், இந்த நாட்டில் ஒருவருக்கு ஊசி போட வேண்டுமானால்கூட ஒரு பரீட்சையில் தேற வேண்டும் என்று 2002-ல் விதி செய்யப்பட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. மொத்தம் 300 கேள்வி. காலையில் 150, பிற்பகலில் 150. வேளைக்கு 150 நிமிஷம். கேள்வியின் கீழே நாலு விடை கொடுத்திருக்கும். சரியானதைத் தொட வேண்டியது. 150 மார்க்கு வாங்கினால் தேர்ச்சி. தப்பு விடைக்கு மார்க்குக் குறைப்பது கிடையாது. தேறின பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி, பிறகு லைசென்சு. இவ்வளவுதான். கேட்பதற்குச் சாதாரணமாய் இருக்கிறதல்லவா? ஆனால் 100 பேர் எழுதினால் பெரும்பாலான தடவைகளில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. 2022-ல் நடந்த ஒரு பரீட்சையில் தேறினது 100-க்கு ஏறக்குறைய 10 பேர்தான்.

இப்போது ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். இந்தப் பக்கத்துக் கடைமடைக் கிராமம் ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். மேட்டூரைத் திறந்தார்கள் என்று பத்திரிகையில் வந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் தண்ணீர் எட்டிப் பார்க்கும் ஊர். தகப்பனாருக்கு ஆறு மா நிலம். ஒரே மகன் பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கினான். இங்கே இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் கேட்ட பணத்துக்கு ஆறு மா அல்ல, அந்த ஊரையே விற்றாலும் போதாது. ஒரு தரகர் வந்தார். "ஆறு வருஷத்தில் டாக்டராய்த் திரும்பி வருவான், சொற்ப செலவு" என்றார். லைசென்சுப் பரீட்சை ஒன்று உண்டு என்பதை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. 2016-ல் பையன் ருஷ்யா போனான். நிலம் அடமானத்துக்குப் போயிற்று. தாயார் கழுத்தில் கிடந்ததும் கூடவே போயிற்று. 2022-ல் பட்டத்தோடு வந்து இறங்கினான். ஊரில் மாலை போட்டார்கள். நாமும் போய் ஒரு துண்டு போட்டோம்.

2023 ஜனவரியில் பரீட்சை எழுதினான், 118 மார்க்கு. ஜூலையில் எழுதினான், 124. 2024 ஜனவரியில் எழுதினான், 121. மூன்று தடவை தவறின பிள்ளை, பகலில் தெருவில் நடப்பதை விட்டுவிட்டான். "டாக்டர் தம்பி எப்போ ஊசி போடுவாங்க?" என்று டீக்கடையில் யாரோ விளையாட்டாய்க் கேட்டதிலிருந்து சாப்பாடும் குறைந்துபோயிற்று. இந்த இடத்தில்தான் தோழர்களே, ஜோசியர் நுழைந்தார்.

பிள்ளைக்குத் தனுசு ராசியாம். ஏழரை நாட்டுச் சனி பிடித்திருக்கிறதாம். திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டு, எள் விளக்குப் போட்டு, பரிகார ஹோமம் ஒன்றும் செய்ய வேண்டுமாம். ஹோமத்துக்கு மாத்திரம் அவர் சொன்ன தொகை ஒரு பரீட்சைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தகப்பனார் நம்மிடம் வந்தார். அறிவுரை கேட்க வந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் கேட்க வந்தார்!

"அய்யா, உங்களுக்கு நம்பிக்கை கிடையாது, தெரியும். ஆனால் பெற்ற வயிறு கேட்கமாட்டேங்குதே" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. "உட்காருங்கள், கணக்குப் பார்ப்போம்" என்றோம். அன்றைக்கு அவரோடு பார்த்த கணக்கைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்லப் போகிறோம்.

சனி என்பது ஒரு கோளம். சூரியனைச் சுற்றி வர அதற்குச் சுமார் 29½ வருஷம் பிடிக்கிறது. வானத்தை ஜோசியர்கள் 12 பங்காய்ப் போட்டு ராசி என்று பேர் வைத்திருப்பதால், ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம் ஆகிறது. ஒருவனுடைய ராசிக்கு முன் ராசி, அவன் ராசி, பின் ராசி ஆக மூன்றுக்கும் சேர்த்து ஏழரை வருஷம். இதற்குத்தான் ஏழரை நாட்டுச் சனி என்று பேர். அப்படியானால் எந்த நாளை எடுத்துக் கொண்டாலும் 12 ராசியில் 3 ராசிக்காரர்களைச் சனி பிடித்தே இருக்கும். அதாவது உலகத்தில் நாலில் ஒருவருக்கு எப்போதும் சனி. 100 பேர் பரீட்சை எழுதினால் 25 பேருக்குச் சனி. சரி, தவறினவர்கள் 75, 80 பேர் ஆயிற்றே, மிச்சம் 50 பேரைக் கவிழ்த்தது யார்? தேறின 20, 25 பேரிலும் நாலில் ஒருவருக்குச் சனி இருந்திருக்குமே, அவர்களை அது ஏன் விட்டுவிட்டது? இதைக் கேட்டால் ஜோசியர் மழுப்ப ஆரம்பிப்பார். எட்டாமிடத்தில் இருந்தால் அஷ்டமச் சனி, நாலாமிடத்தில் இருந்தால் அர்த்தாஷ்டமச் சனி, ஏழாமிடத்தில் இருந்தால் கண்டகச் சனி என்று வலையை அகலப்படுத்துவார். மூன்றும் மூன்றும் ஆறு. 12-ல் பாதி ராசியை வளைத்துப் போட்டாகிவிட்டது. அதற்கும் தப்பினவனுக்கு ராகு இருக்கிறது, கேது இருக்கிறது, குரு பார்வை இல்லாமை இருக்கிறது. கடையில் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சனி எந்த நாளில் ராசி மாறுகிறது என்பதிலாவது இவர்களுக்குள் ஒற்றுமை உண்டா? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17-ல் சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போய்விட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20-ல்தான் போயிற்று. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்ததும் அன்றைக்குத்தான். இரண்டுக்கும் 11 மாதம் வித்தியாசம்! இரண்டு ரயில்வே அட்டவணையில் ஒரே ரயிலுக்கு 11 மாதம் வித்தியாசம் போட்டிருந்தால் நீங்கள் எந்த அட்டவணையை வாங்குவீர்கள்? இரண்டையும் அடுப்பில் போடுவீர்கள்.

நம் பையன் விஷயத்துக்கு வாருங்கள். தனுசு ராசிக்காரனுக்குச் சனி மகரத்தை விட்டால் ஏழரை முடிந்துவிட்டது என்பது அவர்கள் சாஸ்திரம். திருக்கணிதப்படி முதல் பரீட்சை எழுதின அதே மாதத்தில் முடிந்துவிட்டது. ஜூலைப் பரீட்சையில் தவறினவுடன் ஜோசியர் என்ன சொன்னார்? "வாக்கியப்படி இன்னும் விடவில்லை" என்றார். சரி, டிசம்பர் 20-ல் வாக்கியப்படியும் விட்டுவிட்டது. 2024 ஜனவரியில் தவறினானே, அது ஏன்? "விட்டுப் போகிறபோது ஒரு உதை உதைத்துவிட்டுப் போகும்" என்றாராம்! இதைக் கேட்டபோது அந்தத் தகப்பனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலைந்து மாதமாய் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

தோழர்களே! சனிக் கோளம் நமக்குக் கிட்டே வரும்போதுகூட 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கசினி என்ற விண்கலம் 2004-ல் அங்கே போய்ச் சேர்ந்து, 13 வருஷம் அதையே சுற்றி, படம் படமாய் அனுப்பிவிட்டு, 2017-ல் அதற்குள்ளேயே விழுந்து எரிந்தது. வளையங்களைப் படம் பிடித்தது, அதன் சந்திரன்களைப் படம் பிடித்தது. காரைக்கால் பையனுடைய மார்க்கு லிஸ்டு அங்கே இருந்ததாக ஒரு படமும் வரவில்லை. ஆனால் இங்கே, திருநள்ளாற்றுக்கு மேலே பறக்கும்போது செயற்கைக் கோள்கள் மூன்று விநாடி நின்று போகின்றன என்றும், அமெரிக்காக்காரர்கள் திகைத்துவிட்டார்கள் என்றும் ஒரு புளுகைக் கைப்பேசியில் சுற்றவிட்டிருக்கிறார்கள். பூமிக்குக் கிட்டே ஓடும் செயற்கைக் கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மூன்று விநாடி நின்று கும்பிட ஆரம்பித்தால் அது மேலே இருக்காது. இதைப் பிள்ளைகள் பௌதிகப் பாடத்தில் படித்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள். எழுதிவிட்டு வந்து அந்தப் புளுகையும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள்!

2020 டிசம்பரில் இதே ஊரில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். கொரோனாக் காலத்தில் சனிப் பெயர்ச்சி வந்தது. குளத்தில் முழுகக் கூடாது என்று தடுத்தார்கள். தொற்று இல்லை என்று டாக்டர் சான்று வேண்டும் என்ற பேச்சு எழுந்து கோர்ட்டு வரைக்கும் போயிற்று. சனியைப் பார்க்க டாக்டர் சீட்டு வேண்டும் என்பது நியாயமாய்ப்பட்ட நாட்டில், டாக்டராவதற்குச் சனியின் சீட்டு வேண்டும் என்கிறார்களே, இதை என்னவென்று சொல்வது!

டாக்டருக்குப் பரீட்சை வைக்கிறோம், லைசென்சு கேட்கிறோம். தப்பாய் வைத்தியம் செய்தால் கவுன்சில் விசாரிக்கிறது. நுகர்வோர் கோர்ட்டிலும் கேள்வி கேட்கலாம் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. லைசென்சு இல்லாமல் வைத்தியம் செய்தால் 2019-ம் வருஷத்துச் சட்டப்படி ஒரு வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ஜோசியனுக்கு என்ன பரீட்சை? தப்பாய்ச் சொன்னால் எந்தக் கவுன்சில் கேட்கும்? இவன் சொன்ன நாளில் கல்யாணம் செய்து பிரிந்தவர்கள், இவன் சொன்ன பரிகாரத்துக்கு நிலத்தை விற்றவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

ஜோசியர்களுக்கும் ஒரு பரீட்சை வைத்துத்தான் பார்ப்போமே என்று ஒருவர் வைத்தும் பார்த்துவிட்டார். வான நூல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் என்பவர். 2008-ல் பூனாவில் நடந்தது. மூடநம்பிக்கைக்கு எதிராகப் பாடுபட்டு 2013-ல் சுட்டுக் கொல்லப்பட்டாரே நரேந்திர தபோல்கர், அவருடைய இயக்கத்தார் விவரம் திரட்டிக் கொடுத்தார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், ஆக 200 ஜாதகம். ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது கெட்டிக்காரப் பிள்ளை, எது குன்றின பிள்ளை என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றார். 51 ஜோசியர்கள் ஜாதகங்களைக் கேட்டு வாங்கினார்கள். விடை அனுப்பினது 27 பேர். மற்றவர்களுக்கு அப்போது என்ன சனியோ! அந்த 27 பேருடைய சராசரி என்ன தெரியுமா? 100-க்கு 46. பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தால் 50 வந்திருக்கும். நம் பையன்களுக்கு நாலு விடையில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். 100-க்கு 50 வாங்கினால்தான் தேர்ச்சி. ஜோசியர்களுக்கு இரண்டே விடை, அதிலும் 46! பரீட்சையில் தவறின பிள்ளை, அவனைவிடச் சுலபமான பரீட்சையில் தவறினவனிடம் போய் யோசனை கேட்கிறான் என்றால் இதைவிட அவமானம் வேறு வேண்டுமா?

சரி. ஜோசியத்தைத் தள்ளிவிட்டோம். பரீட்சையையும் தள்ளிவிடலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். "நீட்டை எதிர்க்கிறோமே, இதையும் எதிர்க்க வேண்டாமா?" என்று நம்மிடமே கேட்டார்கள். இதில் நம் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறோம். படிப்பதற்கு முன்னால், வாசற்படியில் நிற்க வைத்து, பணம் கட்டித் தனிப்பயிற்சிக்குப் போனவனை உள்ளே விட்டு, குடிசையில் இருந்து வந்தவனைத் தள்ளுகிற பரீட்சை வேறு. படித்து முடித்தவனுக்கு ஒரு உயிரைக் கையில் எடுக்கத் தக்க அறிவு இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சை வேறு. முன்னதில் தள்ளப்படுவது நம் பிள்ளை. பின்னது இல்லாவிட்டால் சாவதும் நம் பிள்ளைதான். பணக்காரன் அரைகுறை டாக்டரிடம் போகப் போவதில்லை.

வாசற்படியில் தள்ளுகிற வேலை இன்றைக்கு ஆரம்பித்ததல்ல. 1950-ல் சென்னையில் வகுப்புரிமை ஆணையால் தனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் போயிற்று என்று செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் வழக்குப் போட்டார்கள். அந்த அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு வெளிவந்தது. ஆனாலும் ஆணை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பெரியார் கிளர்ச்சி செய்தார், நாடு கொந்தளித்தது, 1951-ல் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாய்த் திருத்த வேண்டி வந்தது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருப்பார்கள்? ஏழரை என்றாலே நடுங்குகிற நாட்டில், 2020-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் ஏழரை சதவிகிதம் ஒதுக்கினது. அந்த ஏழரை பிடித்த பிள்ளைகள் இன்றைக்கு டாக்டராகிறார்கள்! நம் புதுச்சேரிப் பகுதியிலும் 2023-ல் 10 சதவிகிதம் வந்தது.

புதுச்சேரியில் பிரஞ்சுக்காரன் 1823-லேயே வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்தான். அவன் போன பிறகு 1956-ல் அதற்குத் தன்வந்தரி என்று ஒரு சாமியின் பேரை வைத்தார்கள். வைத்தியம் கற்றுக் கொடுக்க நூற்று முப்பது வருஷமாய் மனிதன் பாடுபட்டிருக்க, பேர் மாத்திரம் பாற்கடலிலிருந்து வந்தவனுக்கு! நல்ல வேளையாய் 1964-ல் ஜிப்மர் என்று மாறிற்று. அதன் கிளை காரைக்காலுக்கு 2016-ல் வந்தது. நம் பையன் கப்பல் ஏறின, அதாவது விமானம் ஏறின, அதே வருஷம்! இங்கே 50 இடம் திறந்தபோது அவன் பனியில் ருஷ்ய பாஷை எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தான்.

ஆகவே பரீட்சை வேண்டும் என்கிறோம். ஆனால் 100-க்கு 75 பேர் தவறினால் பிள்ளைகளை மாத்திரம் மக்கு என்பதை ஒப்ப முடியாது. ஆறு வருஷம் பணம் வாங்கிக் கொண்டு நோயாளியைத் தொடவிடாமல் பட்டம் கொடுத்தவனைக் கேட்க வேண்டாமா? மறைத்து அனுப்பின தரகனைக் கேட்க வேண்டாமா? உள்நாட்டில் படித்தவர்களுக்கும் சேர்த்து ஒரே பரீட்சை என்று 2019-ல் சட்டம் செய்தார்கள். மூன்று வருஷத்துக்குள் என்று எழுதினார்கள். ஐந்து வருஷம் கடந்தும் வரவில்லை. 2023 ஜூலையில் ஒத்திகை வைப்பதாய்ச் சொல்லி அதையும் தள்ளி வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே தராசு என்றால் அது நியாயம்தான். தனியார் கல்லூரிச் சரக்கும் அதில் ஏறட்டுமே.

இனிமேல் பிள்ளையை வெளிநாடு அனுப்பப் போகிற பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 நவம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதி கடுமையாகிவிட்டது. 54 மாதத்துக்குக் குறையாத படிப்பு, ஆங்கிலத்தில் பாடம், அங்கேயே 12 மாதம் பயிற்சி, அந்த நாட்டிலேயே வைத்தியம் செய்ய உரிமை கிடைக்கக்கூடிய பட்டம், இவ்வளவும் வேண்டும். தரகன் வந்தால் இந்த நாலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று கேளுங்கள். கையெழுத்துப் போடமாட்டான், எழுந்து போய்விடுவான். அதுவே இலாபம்.

பையன் கதைக்கு வருகிறோம். ஹோமத்துக்குக் கடன் கொடுக்கவில்லை. ஆனால் அப்போது அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வந்தது. வெளியூரில் ஒரு கிளினிக்குக்காரர், "இராத்திரி மாத்திரம் வந்து உட்கார், என் பேரில் சீட்டு எழுது, மாசம் இவ்வளவு தருகிறேன்" என்றார். கடன்காரன் வாசலில் நிற்கிறான், தகப்பனாருக்குச் சபலம். "படிச்ச படிப்புதானே அய்யா?" என்றார். "லைசென்சு இல்லாமல் ஊசி போடுகிறவனுக்கும், திருநீறு போட்டு மந்திரிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? மந்திரிக்கிறவனாவது ஊசியைத் தொடுவதில்லை" என்றோம். பையன் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். "நான் போகலை அப்பா" என்றான். அன்றைக்குத்தான் அவன் டாக்டர் என்று நமக்குத் தோன்றிற்று.

பிறகு அவனையும், அவனைப்போல் தவறின இன்னும் மூன்று பேரையும் நம் படிப்பகத்தில் உட்கார வைத்தோம். எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டோம். விடியற்காலம் எழுந்து, தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கோடு போட்டுக் கொண்டு படிப்பானாம். முடித்தால் மறுபடி முதல் பக்கம். செவ்வாய்க்கிழமை இராகு காலத்தில் புத்தகத்தைத் திறக்கக் கூடாதென்று தாயார் உத்தரவு. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தானாம். கல்விக்கு ஒரு சாமி, அதற்கு ஒரு பண்டிகை, பண்டிகையில் படிக்கக் கூடாது என்பது கட்டளை!

மார்க்கு எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று கேட்டோம். அதை அவன் பார்க்கவே இல்லை. நாலு பேருமாய் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். பொது மருத்துவம் 33, அறுவை 32, பிரசவமும் பெண்கள் நோயும் 30, சமுதாய மருத்துவம் 30. இந்த நாலுக்கு மாத்திரம் 300-ல் 125. உடற்கூறு, உடலியல், உயிர் இரசாயனம் மூன்றுக்கும் தலைக்கு 17. நோய்க்குறி நூல், கிருமி நூல், மருந்து நூல் மூன்றுக்கும் தலைக்கு 13. சட்ட மருத்துவம் 10. கண், காது மூக்குத் தொண்டை, குழந்தை வைத்தியம் ஒவ்வொன்றும் 15. இவனோ, ஆறு மாதத்தில் நாலு மாதத்தை 17 மார்க்கு உடற்கூறிலேயே செலவழித்திருக்கிறான். ஏனென்று கேட்டால் புத்தகத்தில் அதுதான் முதல் பாடமாம்! 30 மார்க்குச் சமுதாய மருத்துவத்தை எவனும் தொடவில்லை. அதெல்லாம் டாக்டர் வேலையா என்று இளப்பம். குடிதண்ணீரில் என்ன கலந்தால் எந்தக் காய்ச்சல் வரும், தடுப்பூசி எந்த வயதில் போடுவது, ஆயிரம் பேர் ஒரே குளத்தில் முழுகினால் என்னென்ன தொற்றும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் கிராமத்துக்கு முதலில் வேண்டியதே அதுதான். பரீட்சை வைத்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டுத் தன்னைத்தானே கேட்டுக் கொள்வது நினைவில் நிற்கிறது என்பது சோதித்துப் பார்த்த சங்கதி. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை இரண்டு வகையாய்ப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களைத் தாங்களே சோதித்துக் கொண்டவர்கள் முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது தெரிந்ததுபோல் ஒரு மயக்கம் உண்டாகிறது, அவ்வளவுதான். ஆகவே நாலு பேரும் தினம் 50 கேள்வி ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்வது, தப்பிப்போனதை ஒரு நோட்டில் எழுதி மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் மறுபடி கேட்பது என்று வைத்துக் கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 150, பிற்பகல் 150, கடிகாரத்தை எதிரில் வைத்து முழுப் பரீட்சை. தப்புக்கு மார்க்குக் குறைப்பதில்லை என்று தெரிந்தும், முதல் தடவை இவன் 11 கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வந்தவன்!

நடுவில் ஒரு நாள் மனம் சோர்ந்து, "மூணு தடவை தவறினவன் நாலாம் தடவை என்ன கிழிக்கப் போறேன்" என்றான். எல்லப்பிரகட சுப்பாராவ் என்பவருடைய கதையைச் சொன்னோம். மெட்ரிக்குலேஷனில் தவறித் தவறி மூன்றாம் தடவை தேறினவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டுக் கொண்டு நின்றார் என்று பேராசிரியருக்குக் கோபம்; எம்.பி.பி.எஸ். கொடுக்காமல் எல்.எம்.எஸ். என்ற தாழ்ந்த பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு அமெரிக்கா போனார். இரத்தச் சோகைக்குப் போலிக் அமிலமும், புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட்டும் அவருடைய கூடத்திலிருந்து வந்த சரக்கு. அவர் பிறந்தது பார்ப்பனக் குலத்தில்தான். அதனாலென்ன, மருந்து எல்லாச் சாதி இரத்தத்திலும் வேலை செய்கிறது.

2024 ஜூலையில் எழுதினான். 146. நாலு மார்க்கில் போயிற்று! அன்று இரவு தகப்பனார் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. நமக்கும் பேச ஒன்றும் இல்லை. "121-லிருந்து 146 ஆகியிருக்கிறதே" என்று சொல்ல நினைத்தோம், சொல்லவில்லை. அடமானத் தவணை நெருங்கிவிட்டிருந்தது. விடிந்தபோது பையன் தானே படிப்பகத்துக்கு வந்து, சமுதாய மருத்துவத்தில் தப்பிப்போனது எது எதுவென்று எழுத ஆரம்பித்தான். 2025 ஜனவரியில் மறுபடி எழுதினான். 163. நாலு பேரில் இருவர் தேறினார்கள், இருவர் தவறினார்கள். தவறின இருவரும் இதோ முன் வரிசையில்தான் இருக்கிறார்கள்.

தேறின மறுநாள் அவன் தாயார் எள் சோறு வடித்து எடுத்துக் கொண்டு திருநள்ளாறு போய் வந்தார்கள். வரும் வழியில் நமக்கும் ஒரு தூக்கில் கொண்டு வந்து கொடுத்தார்கள். "சனி விட்டுது தம்பி" என்றார்கள். "அம்மா, அது ஒரு பஞ்சாங்கப்படி இரண்டு வருஷம் முன்னாலேயும், இன்னொன்றின்படி ஒரு வருஷம் முன்னாலேயும் விட்டுவிட்டதே" என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "அப்ப இத்தனை நாள் யாரு பிடிச்சிருந்தா?" என்று கேட்டார்கள். பையன் உள்ளேயிருந்து, "உடற்கூறு புஸ்தகம்மா" என்றான். எள் சோறு நன்றாயிருந்தது, சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் 2025 மார்ச்சு 29-ல் திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போயிற்று. தனுசுக்கு அது நாலாமிடம், அர்த்தாஷ்டமச் சனி என்று ஜோசியர் சொல்லியனுப்பினார். கோவில்காரர்களோ எங்கள் வாக்கியப்படி இந்த வருஷம் பெயர்ச்சியே கிடையாது, அடுத்த வருஷம்தான் என்றார்கள். தகப்பனார் இரண்டு செய்தியையும் நம்மிடம் வந்து சொல்லிவிட்டு, அடமானப் பத்திரத்தைக் காட்டி வட்டி எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தோம்.